சாமி வீட்டுச் சட்டம்

எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பனி ஆகாது என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊர் எரியோட்டில் யாருக்குத்தான் பனி ஆகும்? எனக்கும் மூக்கு ஒழுகத்தான் செய்தது. ஆனால் அம்மாவுக்கு ஆகாத பனி வேறு. ஐப்பசி மழை ஓய்ந்து, காலையில் எதிர்வீடு தெரியாமல் மூட்டம் போட ஆரம்பித்ததும் அவள் போர்வைக்குள் போய்விடுவாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால், பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போதும் அப்படியே படுத்திருப்பாள். தலை வாரமாட்டாள். ஏதாவது கேட்டால் பதில் வராது. மற்ற மாதங்களில் திண்டுக்கல் பஸ்ஸில் மீதிச் சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்கிறவள்தான் இவள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அது முற்றிவிட்டது. சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நீ அத்தை வீட்டுலயே இருந்து படிச்சுக்கிறியா? நான் இல்லாட்டியும் நல்லாப் பாத்துக்குவாங்க" என்றாள். வடமதுரை அத்தை வீட்டில் பெரிய டிவி இருந்தது. உடனே சரி என்றேன். அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். இந்த நல்ல சேதியை அங்கே ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த செம்புக் கம்பியைப் போட்டுவிட்டு, கடையைப் பூட்டி, அப்போதே அம்மாவைத் திண்டுக்கல்லுக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். பனிக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டார். ஊரே ஆச்சரியப்பட்டது. கோயிலுக்குப் போனால், செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிடுகிற ஆள் அவர். இப்போது கறுப்பு வேட்டி, துளசிமணி மாலை, நெற்றி நிறையச் சந்தனம். அதோடு வீட்டில் புதுப்புதுச் சட்டங்கள் வந்தன.

சாமி கையால்தான் சமையல் என்பது முதல் சட்டம். அவர் வைத்த ரசத்தைக் குடிப்பதே பெரிய விரதமாக இருந்தது. அடுத்தது, படத்துக்குப் போடும் பூவை வீட்டுப் பெண்கள் காலை வெயிலில் உட்கார்ந்துதான் கட்ட வேண்டும். பை நிறையச் செவ்வந்தி வாங்கி வந்து அம்மாவையும் என்னையும் மொட்டை மாடியில் உட்காரவைத்துவிடுவார். முதலில் அம்மா நாரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நான் கட்டிய லட்சணம் பொறுக்காமல் கொஞ்ச நாளில் பிடுங்கிக் கட்ட ஆரம்பித்தாள். பூஜை முடிந்ததும் அவளுக்கு மட்டும் துளசித் தீர்த்தத்தோடு ஒரு மாத்திரை. எனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தால், சின்ன சாமிக்குக் கற்கண்டுதான் என்பார். மாலை போட்ட வீட்டில் யாரும் தனியாக இருக்கக் கூடாதாம். அதனால் பகலில் பக்கத்து வீட்டுக்காரர்கள், பொழுது சாய்ந்தால் பஜனை என்று வீட்டில் ஆள் இருந்துகொண்டே இருந்தது.

என் வகுப்புப் பையனின் அப்பாவும் மாலை போட்டிருந்தார். அவர்கள் வீட்டில் வெயிலைப் பற்றியெல்லாம் சட்டமே இல்லை. அதைக் கேட்டதற்கு, "அவங்களுக்கு வேற குருசாமி" என்று அப்பா முடித்துவிட்டார்.

மார்கழி பிறந்ததும் அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா. தம்பியை "ஏலே" என்று கூப்பிட்டே பழகிய வாய். மாலை போட்டவரை அப்படிக் கூப்பிட முடியாமல் தவித்தாள்.

"இவளுக்கு என்னமோ புடிச்சிருக்கு சாமி. எங்கூருக் கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு வேப்பெல அடி விழுந்தா தன்னால எந்திரிப்பா."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். வலித்தது.

அப்பா ரசக் கரண்டியோடு வந்து நின்றார். "மாலை போட்ட வீட்டுல உடுக்கைச் சத்தம் ஆகாதுக்கா. பொம்பளைங்க மேல கை படவும் கூடாது."

"இதெல்லாம் எவன் சொன்னான்... யாரு சொன்னாக சாமி?"

"குருசாமி."

அந்தக் குருசாமி திண்டுக்கல்லில் ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்திருக்கிறார் என்பது அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அத்தை முணுமுணுத்துக்கொண்டே தம்பி காலில் விழுந்து கும்பிட்டாள். கொண்டுவந்த முருங்கைக்காயைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள். அவளும் கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அதற்காக அம்மா ஒரேயடியாகத் தெளிந்துவிடவில்லை. சில காலைகளில் மாடிக்கு வரமாட்டேன் என்று படுத்துக்கொள்வாள். அப்போது அப்பா பூவைக் கொண்டுவந்து அவள் பாய்க்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, தெரியாத கையால் தானே கட்டிக்கொண்டிருப்பார். எழுந்திரு என்று சொல்லமாட்டார். அந்த நாட்களில் அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பஜனைக் குழு சபரிமலைக்குக் கிளம்பிய அன்று, அப்பா கால் வலி என்று சொல்லி நெய்த்தேங்காயை மட்டும் கொடுத்தனுப்பினார். பொங்கல் கழிந்து வெயில் ஏறியது. அம்மா ரசத்தில் உப்பு இல்லை என்று ஒரு நாள் சண்டை பிடித்தாள். அந்த வாரமே அப்பா பிள்ளையார் கோயிலில் மாலையைக் கழற்றினார். மலைக்குப் போகாத சாமி என்று ஊரில் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். படுத்திருக்கும் பெண்டாட்டிக்குச் சோறாக்கிப் போட்டால் அவளைச் சோம்பேறி என்றிருப்பார்கள், அவரை வேறு என்னவோ சொல்லியிருப்பார்கள். சாமி ஆக்கினால் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இந்தக் கணக்கெல்லாம் அப்போது எனக்கு எட்டவில்லை. மலைக்குப் போகாத அப்பாவின் கண்ணைச் சாமி குத்திவிடும் என்று மட்டும் பயந்தேன்.

அடுத்த வருடம் முதல் மூட்டம் விழுந்த காலை. அம்மா போர்வையோடு எழுந்து வாசலுக்கு வந்தாள். அப்பா கடைக்குக் கிளம்பி வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எனக்கு மறுபடியும் அப்படி வார மாதிரி இருக்கு. இந்த வருசமும் மாலை போட்டுக்கிறீகளா?"

அப்பா வண்டியை ஸ்டாண்டு போட்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் மாலையே போடவில்லை, அதற்குள் இவருக்கு இம்புட்டுப் பக்தியா என்று நினைத்தபடி நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.