மகனைக் குறை சொன்ன லாரிக்காரர்

பிள்ளைகளே, நாடு சுதந்திரம் அடைந்த புதிதில் காஜா பேராங் என்ற இடத்தில் ஒரு கோப்பிக்கடைக்கு நான் போவதுண்டு. இளவயதிலேயே காய்ச்சலில் இறந்துபோன எங்கள் ஊர்க் குத்துச்சண்டை வீரனைப் பற்றித்தான் அங்கே பேச்சு. அவனுடைய அப்பா லாரி ஓட்டுபவர். காக்கிக் கால்சட்டையும், ஜன்னல் வெயிலில் கறுத்த வலக்கையுமாக வந்து உட்கார்வார். பேச்சு ஓயும் நேரம் பார்த்து, "அட போங்கப்பா, அவனுக்கு இடது கையால குத்தவே வராது" என்பார்.

உடனே கடையே கொதிக்கும். "உங்களுக்கு என்னண்ணே தெரியும்? அவன்கூட மோதின சிங்கப்பூர்க்காரன் விழுந்தது எந்தக் கைக் குத்துல?" என்று மேசையைத் தட்டுவார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் லாரிவரை கூடவே போய், "பெத்த பிள்ளைய இப்படிப் பேசலாமாண்ணே?" என்று கேட்டேன்.

"சூரன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டா அதோட பேச்சு முடிஞ்சிரும் தம்பி. அப்புறம் பந்து விளையாட்டப் பத்திப் பேசப் போயிருவாங்க. நான் குறை சொன்னாத்தான் அவனுக்காக நாலு பேரு வரிஞ்சுகட்டிக்கிட்டு வர்றாங்க" என்றார்.

மறுநாள் அவர் வாயைத் திறந்ததும் எல்லாருக்கும் முன்னால் நான்தான் சண்டைக்குப் போனேன். அவர் தலையைக் குனிந்து கோப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

மகனை மெச்ச வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்குமே. அதை யாரிடம் போய்ச் சொன்னாரோ, எனக்குத் தெரியவில்லை.