ரேவதி நட்சத்திரத்துக் குவார்ட்டர்பேக்

சுவிஸில் எங்கள் கூர் நகரத்து அமெரிக்கன் ஃபுட்போல் அணியில் பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் சூரிச் அணிக்குப் போய்விட்டான்.

பாலன் அண்ணைக்குத்தான் பெரிய கோபம். அவனுடைய பிறந்த தேதியை இணையத்தில் தேடி, நட்சத்திரம் கணித்து, வெள்ளிதோறும் அவன் பெயரில் அர்ச்சனை செய்தவர் அவர்.

இன்று பிள்ளையார் கோயிலில் ஐயர் பழக்கதோஷத்தில் கேட்டார். "அந்த வெள்ளைக்காரத் தம்பிக்கும் செய்யட்டோ? ரேவதிதானே?"

"அவன்ர பேரை இனி எடுக்காதேங்கோ ஐயா."

ஐயர் தட்டோடு திரும்பினார்.

"ஐயா, நில்லுங்கோ. அவன்ர வலது தோளுக்கு மட்டும் செய்யுங்கோ. போன வருசம் அடிபட்ட தோள்."

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோளால்தான் எங்களுக்கு எதிராகப் பந்தெறியப் போகிறான். தோற்றால் நான் யாரோடு கோபிப்பது, பிள்ளையாரோடா, பாலன் அண்ணையோடா?