சரியா, கண்ணு?

மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் முயல்களைப் பார்த்துக்கொள்ளும் அவருக்கு 'முயலார்' என்று பட்டப்பெயர். ஊசி போடும்போது முயலை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டியதும் அவர்தான். கூண்டைத் திறந்ததும், "சரியா, கண்ணு?" என்று கேட்பார். பிறகு குரலைக் கொஞ்சம் சின்னதாக்கி, "சரி" என்று அவரே சொல்லிவிட்டுத் தூக்குவார். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அந்தச் 'சரி' இல்லாவிட்டால் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்டவர் அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று மகளோடு மல்லுக்கட்டினார். அவள் குழந்தை இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கிறது, அதற்குள் அடுத்தது வயிற்றில். கலைத்துவிடப் போகிறேன் என்றாள். மருமகன் அவள் முடிவுக்கே விட்டுவிட்டான். அம்மா இல்லாத வீடு. மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் துணையாக அப்பாவைத்தான் கூப்பிட்டாள்.

"வேண்டாம்மா. வாயில்லா ஜீவன். பாவம் சும்மா விடாது."

"உங்க முயலுக்கு மட்டும் வாய் இருக்காப்பா?"

அவருக்குச் சுருக்கென்றது. "அது வேற. அதால நாலு பேர் பிழைக்கிறாங்க."

"நான் பிழைக்க வேண்டாமா? போன பிரசவத்துலயே செத்துப் பிழைச்சேன். வெளியே நீங்கதானே உட்கார்ந்திருந்தீங்க?"

உட்கார்ந்திருந்தார்தான். அந்த பெஞ்சின் சில்லிப்பு இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் பிடிவாதம் விடவில்லை. "உள்ள இருக்கிறதுகிட்ட கேட்டியா நீ?"

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க தினமும் கேக்குறீங்களே, என்ன பதில் வந்துச்சு? கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க. எனக்கு அந்த நடிப்பு வேண்டாம். பாவம்னா என் தலையில விழட்டும். ஆனா எனக்கு வாய் இருக்குப்பா. என் பதிலையும் நீங்களே சொல்லிடாதீங்க."

கோபம் தலைக்கேறியது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது, இவளும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசலைவிட்டு நகர்ந்தார்.

மறுநாள் காலையில் அவள் கிளம்பியபோது பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மகளைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டாள். பழக்க தோஷம், அவர் வாய் தன்னால் திறந்தது. மகள் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

"சம்மதம்," என்றாள் அவள்.

நல்லபடியாக வீடு திரும்பினார்கள். அது பாவமா இல்லையா என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. மகள் உயிரோடு படுத்துத் தூங்கினாள், அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு வேலைக்குப் போன அன்று கூண்டைத் திறந்தார். "சரியா, கண்ணு?"

முயலின் மூக்கு துடித்தது. வழக்கமான அந்தச் சின்னக் குரல் 'சரி'யைச் சொல்லாமல், அவர் முயலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊசியோடு பின்னால் நின்ற ஆராய்ச்சியாளர் பொறுமையிழந்தார்.

"என்ன முயலாரே, இன்னும் எவ்வளவு நேரம்?"

"பதில் வரல சார்," என்றார் அவர்.