கெட்ட கறிக்கு நல்ல இங்கிலீஷ்

ஸ்டோர் அக்காவுக்கு வாய் நீளம் என்று வீட்டில் பெயர். கல்யாணமான புதிதிலேயே மாமியாரை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசியவள். அப்பேர்ப்பட்டவளின் வாயைத்தான் அவள் ஸ்டோர் பார்க்கும் கம்பெனி கேன்டீன் பதமாக வேகவைத்து எடுத்தது.

புது மானேஜர் வந்ததும் மீட்டிங்கில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று சட்டம் போட்டார். மறுத்துப் பேசக்கூட ஒரு முறை உண்டாம். அதைச் சொல்லித்தர டை கட்டிய ஒரு வாத்தியார் வந்தார். எடுத்த எடுப்பில் ‘நோ’ என்பது காட்டுமிராண்டித்தனமாம். முதலில் ‘ஐ சீ யுவர் பாயிண்ட்’ என்று குளிரவைக்க வேண்டும், பிறகு ‘பட்’ என்று மெல்ல இழுக்க வேண்டும், கடைசியில் ஒரு ‘பெர்ஹாப்ஸ்’. ‘ஐ டோட்டலி டிஸக்ரீ’ என்றும் ஒன்று இருக்கிறதாம். மேலதிகாரியிடம் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாதாம். அட கர்மமே! ஆனால் அக்கா கண்ணாடி முன் நின்று எல்லாவற்றையும் பழகினாள். பத்தாவதோடு விட்டுப்போன இங்கிலீஷ் திரும்பி வருவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அந்தத் திங்கட்கிழமை குளிர் அறையைத் திறந்ததும் நாற்றம் குடலைப் பிடுங்கியது. விடுமுறையில் கரண்ட் போயிருக்கிறது; ஜெனரேட்டரும் ஓடவில்லை. கரண்ட் வந்ததும் கோழிக்கறி மறுபடி குளிர்ந்து நல்ல பிள்ளையாகக் கிடந்தது. விரல் வைத்தால் பிசுபிசுவென்று நூல் வந்தது. மதியம் பாக்கிங் பிரிவு முழுக்க இதைத்தான் தின்னும். அவளுடைய தங்கை அங்கேதான் வேலை செய்கிறாள், நிறைமாதக் கர்ப்பிணி.

ஒரு துண்டைத் தட்டில் வைத்து மீட்டிங் மேஜைக்கே கொண்டுபோனாள். காரத்தைத் தூக்கலாகப் போட்டு வறுத்தால் ஒன்றும் தெரியாது என்று மானேஜர் இங்கிலீஷில் சொன்னார். அக்கா எழுந்தாள். பிணநாற்றம் அடிக்கிறது என்று சொல்லத்தான் எழுந்தாள்.

“ஐ சீ யுவர் பாயிண்ட், சார், பட் பெர்ஹாப்ஸ்…”

வாத்தியார் கட்டைவிரலை உயர்த்தினார். மானேஜர் வாயெல்லாம் பல்லாக, உச்சரிப்பு பிரமாதம் என்றார். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கறி அவர்கள் மூக்குக்கு நேரே இருக்கிறது, கைதட்டுகிறார்கள்! அவள் இன்னொரு முறை நயமாக ஆரம்பித்தாள். அதற்குள் மானேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வெளியே வந்த அக்காவுக்குக் கறியைவிடத் தன் வாய்தான் அதிகம் நாறியது. சீ, இதெல்லாம் ஒரு வாயா? சோப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம் போலிருந்தது. சமையல்கட்டில் மாஸ்டர் கறியை அண்டாவில் கொட்டித் தண்ணீர் விட்டு அலசிக்கொண்டிருந்தார், அவளை நிமிர்ந்து பார்க்காமலே.

கழிக்கிற உணவை யாரும் திருப்பி எடுக்காதபடி அதில் ஃபினாயில் ஊற்றுவது அங்கே வழக்கம். மானேஜர் சரியென்று சொன்ன பிறகுதான் ஊற்றலாம். அக்கா யாரையும் கேட்கவில்லை. கூட்டுகிற அம்மாவின் மூலையிலிருந்து கேனைத் தூக்கிவந்து அப்படியே கவிழ்த்தாள். கறுப்பு ஃபினாயில் தண்ணீரில் பாலாக வெளுத்துக் கறியை மூடியது.

மானேஜர் ஓடிவந்தார். பின்னாலேயே வாத்தியாரும், கைதட்டிய கூட்டமும். மானேஜருக்கு அன்றுதான் தமிழ் வந்தது.

“என்ன காரியம் பண்ணீங்க? கறி கெட்டுப்போச்சுன்னு மீட்டிங்லயே சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?”

ஆமாம், அவர் கேட்டிருப்பார் என்று வாத்தியார் தலையாட்டினார். மாஸ்டரும் ஆட்டினார். அக்கா யோசித்துப் பார்த்தாள். உண்மைதான், ‘கெட்டுப்போச்சு’ என்கிற ஒரு வார்த்தையை அவள் அங்கே சொல்லவேயில்லை. அது நினைவுக்கு வந்ததும் வாய் மறுபடி நாறியது. சாக்கடைப் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னாலும் காறித் துப்பினாள்.

“சொல்லலதான் சார்,” என்றாள். “ஆனா மூக்கு எல்லாருக்கும் இருந்துச்சே.”