எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள்

வெந்நீரில் சுண்ணாம்பு கரையும் வாசனை... அதோடு சேர்ந்து ஆட்டுக்குடலின் கவிச்சி. வேலைக்குப் போக ஆரம்பித்த அந்த வயதை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது இதுதான்.

பெரிய காஞ்சிபுரத்தில் அப்போது எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் என் அண்ணன் சாமு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் உட்கார்ந்துவிடுவான். போட்டிக் குழம்புக்குக் குடலைச் சுத்தம் செய்வது அவன் வேலை. வெள்ளை வெளேரென்று ஆகும்வரை சுரண்டுவான். அம்மாவைத் தொட விடமாட்டான்.

"நீ அவசரத்துல கழுவுவம்மா. வாயில மண்ணு கடிக்கும்."

சுரண்டிக்கொண்டே பாடுவான். சர்ச் பாடகர் குழுவில் அவன் இரண்டாவது குரல். மற்றவர்கள் மெட்டைப் பாட, இவன் கொஞ்சம் கீழே இறங்கி அவர்கள் கூடவே போவான். தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்றே தெரியாது. எங்களுக்கு மட்டும் தெரியும்.

குழம்பு கொதிக்கும்போது சண்டை ஆரம்பிக்கும். நைனா, அதாவது எங்கள் அப்பா, கொத்தனார். இளவயதிலிருந்து ஒரே கட்சி. எந்த வார்டில் யார் ஜெயிப்பார் என்று விரல் மடக்கிச் சொல்வார். சொன்னபடியே நடக்கும். அண்ணன் அதற்கு நேர் எதிர்க்கட்சி.

"உங்க ஆளுங்க இந்தத் தெருவுக்கு இன்னா பண்ணாங்க, சொல்லு நைனா?"

"தண்ணி பைப்பு எவன்டா போட்டான்? உங்கப்பனா?"

"எங்கப்பன் நீதான்!"

அம்மா சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போடுவார். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருக்கும். விக்கெட் விழுந்தால் மட்டும் அப்பாவும் பிள்ளையும் ஒரே கட்சி.

அண்ணனுக்கு உயிர் என்றால் கபடிதான். தெருப் பையன்களின் டீமுக்கு அவன்தான் கேப்டன். அவர்களுக்கு ஜெர்சி வாங்கித் தந்ததும், வெளியூர் போட்டிக்கு வேன் வைத்துத் தந்ததும் அவன் கட்சிக்காரர் ஒருவர். கட்சி பிடித்துப் போனானா, கபடிக்காகப் போனானா... இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அது தேர்தல் நேரம். அவன் கட்சித் தலைவர் ஊருக்கு வருகிறார். ரோடு முழுக்கக் கொடிக்கம்பம் நட வேண்டும். காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினான்.

"கொடி நடறதுக்கு உன்ன மாதிரி ஏமாந்தவன்தான் அவனுங்களுக்குக் கெடப்பான்" என்றார் நைனா.

"சாயந்திரம் வந்து கூட்டத்தப் பாரு நைனா. அசந்துடுவ."

சிரித்துக்கொண்டேதான் போனான்.

நான் அப்போது பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ் கேர்ள். ஒரு கல்யாண வீட்டாருக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர் பக்கத்தில் வந்து, "நீ வீட்டுக்குக் கெளம்புமா" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

இரும்புக் கம்பம். மேலே போன கரண்ட் கம்பியில் பட்டுவிட்டது. கூடப் பிடித்தவர்கள் தூக்கி எறியப்பட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். அண்ணனால் கையை எடுக்க முடியவில்லை.

சாயந்திரம் ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். தூரத்தில் மைக் செட்டில் கட்சிப் பாட்டு. பிறகு கைதட்டல்... விசில்... கூட்டம் நடந்துவிட்டது. தலைவருக்கு யாரும் சொல்லவில்லையோ, சொல்லியும் நடந்ததோ. அம்மா தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அண்ணனின் கட்சிக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். பெட்டியின் மேல் கட்சிக்கொடியைப் போர்த்தினார்கள். அம்மா எழுந்து போய் அந்தக் கொடியை எடுத்தார். புடவையை மடிப்பதுபோல அழகாக மடித்து அவர்கள் கையிலேயே கொடுத்தார்.

"வெள்ளத் துணி போதும்பா."

அவ்வளவுதான் சொன்னார்.

கல்லறைத் தோட்டத்தில் பாடகர் குழு பாடியது. மெட்டு சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே எதுவுமே இல்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தால், நைனாவின் கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். பல வருஷமாக ஒன்றாகப் போஸ்டர் ஒட்டியவர்கள். அதில் கன்னியப்பன் என்பவர் நைனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் சொன்னார்:

"இத வுடக்கூடாதுண்ணே. சாமு போட்டோ ஒண்ணு குடு. ஊர் பூரா ஒட்டிடறோம். பஸ் ஸ்டாண்டாண்ட ஆர்ப்பாட்டம் வச்சிக்கலாம். இந்தத் தபா அவனுங்களுக்கு ஒரு ஓட்டு வுழாது."

நைனாவுக்கு இருந்த ஆத்திரத்தில் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"சாவற வரைக்கும் எம்புள்ள உங்களத் திட்டிகினுதான் இருந்தான். அவன் மூஞ்சிய உங்க போஸ்டர்ல போடுவீங்களா?" குரல் உயரவே இல்லை. "எழுந்து போங்கபா."

போனார்கள். அதற்குப் பிறகு இரண்டு கட்சியிலிருந்தும் யாரும் வரவில்லை. கேஸும் விபத்து என்று எழுதி முடிந்துபோனது.

இப்போது சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கிறோம். நைனாவும் அம்மாவும் என்னோடுதான். ஊரில் இன்றைக்கும் தேர்தல் வந்தால் ரோடு முழுக்கக் கம்பம் நடுகிறார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. நியூஸ் சேனலில் நாலு பேர் கத்துவார்கள். வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

போன தேர்தலின்போது, மதியச் சாப்பாட்டில், ஏதாவது பேச்சுக் கொடுக்கலாம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார்:

"இந்தத் தபா யாரு மாமா வருவாங்க?"

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுபா."

என் மகளுக்கு ஆச்சரியம். சமையலறைக்குள் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"தாத்தாவுக்குப் பாலிடிக்ஸே தெரியாதாம்மா?"

"தெரியாது கண்ணு" என்றேன்.