திருப்பிச் சொல்ல ஆளில்லாத வகுப்பு

கொட்டாம்பட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றின் தொடக்கப் பள்ளிக்கு எச்.எம். ஆகப் போன முதல் நாள், அட்டெண்டன்ஸில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மூன்றாம் வகுப்பு மலர்க்கொடி. மற்ற பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியம் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. இவள் வீட்டில் வேன் ஃபீஸுக்கு வழியில்லை. எச்.எம்.மும் நானே, டீச்சரும் நானே, மணி அடிப்பதும் நானே. பெயருக்குத்தான் தலைமை.

மலர் கெட்டிக்காரி. எழுதச் சொன்னால் எழுதுவாள், கணக்குப் போடுவாள். வாசிக்கச் சொன்னால் உதடு மட்டும் அசையும். பேசத் தெரியாத பிள்ளையா என்றால் அதுவும் இல்லை. சத்துணவு சமைக்கும் பாண்டியம்மாளிடம் அவள் முட்டை கேட்பது என் மேஜை வரை கேட்கும். பாடம் என்றால்தான் வாய்க்குப் பூட்டு.

அவள் அம்மாவை வரச் சொல்லிப் பேசினேன். "மனசுக்குள்ள படிச்சா பத்தாதா டீச்சர்? அம்புட்டையும் எழுதிப்புடுறாளே" என்றார். பத்தாது. கண்ணால் மட்டும் படிக்கிற பிள்ளை தெரியாத இடத்தைத் தாண்டிப் போய்விடும். வாய்விட்டுச் சொன்னால்தான் எங்கே தடுக்குகிறது என்று அதற்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்த வருஷத்தோடு பள்ளியை மூடப்போவதாக வேறு பேச்சு இருந்தது. பெரிய பள்ளியில் போய் இப்படி நின்றால் மக்கு என்று கடைசி பெஞ்சில் தள்ளிவிடுவார்கள். எனக்கு அந்தப் பயம்தான்.

கெஞ்சினேன், அதட்டினேன். ஒரு மத்தியானம் அவளே காரணத்தைச் சொன்னாள்.

"நான் சொன்னா யாரு டீச்சர் திருப்பிச் சொல்லுவா?"

ஒரு பிள்ளை முன்னால் நின்று சொல்ல, வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்வதுதான் நம் பள்ளிகளின் வழக்கம். ஒன்றாம் வகுப்பில் அவளும் அந்தக் கூட்டத்தில் நின்று கத்தியவள்தான். இப்போது அந்தக் காலி ஹாலில் தன் குரலை மட்டும் கேட்கப் பயந்திருக்கிறாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். இன்றைக்கு நீதான் டீச்சர், நான்தான் கிளாஸ் என்றேன். அன்று ஒரு வரிதான் வந்தது, அதுவும் முனகலாக. நான் முழுத் தொண்டையில் திருப்பிச் சொன்னேன். பாண்டியம்மாள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். மாசி பிறப்பதற்குள் பாடம் முழுவதும் சத்தமாக வர ஆரம்பித்தது. நான் வேண்டுமென்றே ஒரு வரியை விழுங்கினால் என்னையே அதட்டினாள். அது அசல் என் அதட்டல்.

பேச்சு நிஜமானது, பள்ளியை மூடினார்கள். அவளுக்கு டி.சி. கொடுத்த கையோடு நானும் ரிட்டயர் ஆனேன். இப்போது வாடிப்பட்டி வீட்டில் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். சில நாள் சாயங்காலம் வரை வாய் திறக்க வேலை இருக்காது. பால்காரருக்குப் பதில் சொன்னால் குரல் கரகரவென்று வருகிறது. மலரின் பயம் எனக்கு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால் உடனே அதட்டாதீர்கள். முதலில் கேட்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

போன மாதம் அவள் அம்மாவின் போனிலிருந்து மலர் பேசினாள். புது வகுப்பில் முன்னால் நின்று சொல்வது அவள்தானாம். "ஒரு பாட்டுச் சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

"சத்தம் பத்தல டீச்சர். மறுபடி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன்.