ஒரகடத்தில் மூன்று இரவும், கஜேந்திரன் சாரின் பழைய ஜில்லாவும்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை கம்பெனி வேலையாக ஒரகடம் போய், மூன்று இரவு தங்கிவிட்டு வந்தேன். ஊட்டி, கொடைக்கானல் என்று பயணக் கட்டுரை எழுதுகிற இடத்தில் இது என்ன என்று கேட்காதீர்கள். ஆபீஸ் அனுப்பி வெளியூரில் தங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டேன்.

மதுராந்தகம் பக்கத்தில் ரப்பர் வளையம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு நாங்கள் அனுப்பிய பன்னிரண்டாயிரம் வளையங்களில் சிலவற்றில் பிசிறு இருந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் உற்பத்தி லைன் நின்றுவிடும். ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. எங்கள் ஊரில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் ஆறே முக்காலுக்குத்தான் போய்ச் சேரலாம். ஆகவே தங்கித்தான் ஆக வேண்டும். துணைக்கு, என் மேஜையிலேயே வேலை பார்க்கும் மலரைக் கூப்பிட்டேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் மலர் வேலைக்காக ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. "பேட்டா வருமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். "ஒரு ராத்திரிக்கு எழுநூறு. ரூல்லயே இருக்கு. நான் வாங்கித் தர்றேன்" என்றேன் பெரிய மனுஷி மாதிரி. அதை நம்பி, மகனுடைய ஸ்கூல் வேனுக்கு எடுத்து வைத்திருந்த ஆயிரத்து ஐந்நூறைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மதியம் 1.10க்கு மதுராந்தகத்தில் பஸ். செங்கல்பட்டு 27 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், டிக்கெட் 27 ரூபாய். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் சிங்கபெருமாள்கோவில் வழியாக ஒரகடம், 20 ரூபாய். தூரம் கம்மிதான், ஆனால் கார் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் முன்னால் போனால் ஒன்றும் செய்ய முடியாது. எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம்.

"இன்னாமா, புச்சா வேலைக்கு வந்துகீறீங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லண்ணே, மூணு நாள் வேலை. தங்குறதுக்கு ரூம் வேணும்."

"லேடீஸ் ரெண்டு பேரா? அப்போ லாட்ஜு வாணாம். வடக்குப்பட்டுல எங்க சித்தி வூட்டு மாடில ரூம் கீது. தண்ணி, தாப்பா எல்லாம் நல்லா கீது. வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

கமிஷன் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தால் இருக்கட்டும், ரூம் நிஜமாகவே நன்றாக இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து இரவுக்கு 600 ரூபாய். ஆட்டோவுக்குத் தலைக்கு இருபது. வீட்டுக்காரம்மாவிடம் ரசீது கேட்டதும் சிரித்துவிட்டார். "இத்தினி வருசத்துல ரசீது கேட்ட மொத ஆளு நீதாம்மா" என்று நோட்டிலிருந்து தாள் கிழித்து, தேதி, தொகை, முழு விலாசம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்று நாளும் அந்த வளையங்களைத் தடவித் தடவி விரல் நுனி மரத்துப் போனது. மலர் என்னைவிட வேகம். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கடைசிப் பெட்டி முடியும் வரை அவர்கள் லைன் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சூப்பர்வைசர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மலர் போனில் புருஷனிடம் "நாங்க முடிச்சுட்டோம்ல" என்று சொன்ன குரலைக் கேட்டிருக்க வேண்டும்!

இந்தச் சந்தோஷம் வெள்ளிக்கிழமை காலை வரைதான். அக்கவுண்ட்ஸ் கஜேந்திரன் சார் எங்கள் படிவத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வெளி மாவட்டத்துல ராத்திரி தங்கினாத்தாம்மா பேட்டா. ஒரகடம் நம்ம ஜில்லாதானே? பஸ் காசு மட்டும் வாங்கிக்குங்க."

மலர் திரும்பி மேஜைக்குப் போய் வளையத்தை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அவமானமாகவும் கோபமாகவும் இருந்தது.

கஜேந்திரன் சார் கெட்டவர் இல்லை. அவர் படித்த காலத்தில் இந்தப் பக்கம் முழுக்க செங்கல்பட்டு ஜில்லா. மனதில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. நடுவில் மாவட்டம் பிரிந்து, மதுராந்தகம் செங்கல்பட்டிலும் ஒரகடம் காஞ்சிபுரத்திலும் இருப்பதை அவர் மனசு ஏற்கவே இல்லை. ரூம் ரசீதில் 'காஞ்சிபுரம் மாவட்டம்' என்று இருப்பதைக் காட்டினேன். "அந்தம்மா பழக்கதோஷத்துல எழுதியிருக்கும்" என்றார். யாருக்குப் பழக்கதோஷம், சொல்லுங்கள்!

அப்போதுதான் எங்கள் டெலிவரி வேன் டிரைவர் ஏழுமலை அண்ணன் சலான் புத்தகத்தோடு உள்ளே வந்தார். ஒரகடத்துக்கு வாரா வாரம் சரக்கு கொண்டுபோகிறவர். புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். அனுப்புநர், செங்கல்பட்டு மாவட்டம். பெறுநர், காஞ்சிபுரம் மாவட்டம். ஒவ்வொரு தாளிலும் கீழே பச்சை மையில் கஜேந்திரன் சாருடைய கையெழுத்து.

"சார், சரக்கு போனா வெளி மாவட்டம், நாங்க போனா மட்டும் உள் மாவட்டமா?"

நாலு தாள் புரட்டிப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அதே பச்சை மையில் எங்கள் படிவத்தில் கையெழுத்து விழுந்தது. ஆளுக்கு 2,100, பஸ் காசு தனி. மலர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அடுத்த தடவையும் நாமதான்க்கா போறோம்" என்றாள்.

போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். கிளம்பும் முன் பேட்டா விதியை வாய்வார்த்தையாகக் கேட்காமல் தாளில் படியுங்கள், நான் செய்த தப்பு அது. ரூம் ரசீதில் மாவட்டத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். சாயங்கால ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரகடத்தில் ஷேர் ஆட்டோ கிடைப்பது குதிரைக்கொம்பு, அரை மணி முன்னதாக வாருங்கள். முக்கியமாக, கேட்க வெட்கப்படாதீர்கள். வீட்டை விட்டு ஒரு ராத்திரி இருப்பதற்கும் விலை உண்டு.

அன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற ஏழுமலை அண்ணன் மெதுவாக என்னிடம் வந்தார். சரக்கு இறக்க நேரமாகும் நாட்களில் ஆறு வருடமாக அங்கே வேனிலேயே படுத்து எழுந்து வருகிறவர், ஒரு ரூபாய் பேட்டாகூடக் கேட்டதில்லை. "எனக்கும் அந்த ஃபாரம் ஒண்ணு குடும்மா" என்றார். 'தங்கிய இடம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி யோசித்தார். பிறகு பெரிய எழுத்தில் 'வண்டி' என்று எழுதினார்.

அதுவும் பாஸ் ஆகிவிட்டது.